தோள் மாற்றாத காவடி

தாயாரம்மாளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அதை மறைத்துக்கொண்டு இதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும், ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் அக்கா காஞ்சனாவின் நாத்தனார். அக்கா வீட்டுக்காரர் தணிகைவேலுக்கு, நான் பாவா என்று கூப்பிடுகிறவருக்கு, மூத்தவள். புருஷன் செத்ததும் திருத்தணிக்கே திரும்பி வந்து தம்பி வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டையும் கடையையும் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

கடை சரவணப்பொய்கைக்குப் போகிற தெருவில் இருக்கிறது. காவடி கட்டித் தருகிற கடை. மூங்கிலை வளைத்து, மஞ்சள் துணி சுற்றி, மயிலிறகு செருகி, பூ வைத்துக் கட்டி, வாடகைக்கும் விலைக்கும் தருவார்கள். ஆடிக் கிருத்திகை வியாபாரத்தில்தான் அவர்களுக்கு வருஷம் ஓடும். அந்தச் சமயத்தில் அந்தத் தெருவில் செருப்பு அறுந்தால் குனிந்து எடுக்க முடியாது, அவ்வளவு ஜனம்.

அக்காவுக்குக் கல்யாணமாகி வெகு காலம் குழந்தையில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் வயிறு பெரிதாகத் தொடங்கியது. முதலில் கவனித்தவள் தாயாரம்மாள். அக்கா, "இல்ல அண்ணி, எனக்கு மாசாமாசம் சரியாத்தான் வருது" என்று சொல்லியிருக்கிறாள். "சில பேருக்கு அப்படியும் இருக்கும், நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்க்கடைக்காரி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாளாம். அக்கா இரண்டு வாய் சோறு தின்றால் வயிறு முட்டி மூச்சு வாங்குகிறது, இவர்கள் பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அரக்கோணத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனவள், அவள் சுவரில் சாய்ந்து காலை அகட்டி உட்கார்ந்து வாயால் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையோடு அழைத்துவந்து எங்களூர் லேடி டாக்டரிடம் காட்டினேன். குழந்தை இல்லை. வயிற்றில் தண்ணீர். சினைப்பையில் கட்டி. உடனே மெட்ராஸுக்குப் போங்கள் என்றார்கள்.

மெட்ராஸில் வயிற்றைத் திறந்து சினைப்பை, கருப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். தாயாரம்மாள் ஒரே ஒரு தரம் வந்தாள். கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, அக்காவைக் கேட்காமல் நர்ஸைக் கேட்டாள்: "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

"ஆமாம்மா, எடுத்தாச்சு."

"அப்ப என் தம்பி இனிமே இன்னா பண்ணுவான்?"

நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

மருந்து ஏற்றுகிற காலம் முழுவதும் அக்கா என் வீட்டில்தான் இருந்தாள். முடி கொட்டியது. வாந்தி. தண்ணீர்கூடக் கசக்கிறது என்பாள். அந்தக் காலத்திலேயே திருத்தணியில் பாவாவுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு நடந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு இடம் என்று என் காதுக்கே வந்தது. பாவா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அது. மருந்துக்கெல்லாம் தவறாமல் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசித் தடவை டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இப்ப நல்லாயிருக்கு. ஆனா இது திரும்பி வரக்கூடிய நோய். வந்தா வயித்துலதான் வரும்னு நினைச்சுக்காதீங்க. தொப்புள்ல வரலாம், தையல் போட்ட இடத்துல வரலாம், அக்குள்ல, கழுத்துல, சம்பந்தமே இல்லாத இடத்துல வரலாம். உடம்புல எங்க புதுசா கட்டி தட்டுப்பட்டாலும் வந்துடணும். கட்டி இருக்கோ இல்லையோ, செக்கப்புக்கு வரணும்." பாவா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அக்கா டாக்டரம்மாவின் மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆடியில் காவடி எடுப்பதாகப் பாவா வேண்டிக்கொண்டிருந்தார். அக்கா, "எனக்கு வந்தது, நான் எடுக்கறேன்" என்றாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் எல்லோரும் காவடியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறுவார்கள். இவர்கள் மாற்றக் கூடாது. இடத் தோளில் வைத்தால் மலைமேல் போய் இறக்குகிற வரைக்கும் இடத் தோள்தான். அக்கா அப்படியே எடுத்தாள். அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த முடி, மொட்டையடித்தவள்போல் இருந்தாள். மஞ்சள் புடவை. தோள் தோல் உரிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். நடுப்படியில் ஒரு தரம் முட்டி மடங்கி, யாரையும் தொட விடாமல் தானே எழுந்தாள். பார்த்த பொம்பளைகள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

தாயாரம்மாள் அழவில்லை. அவள் அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் கடையில் அக்காவுக்கு நாற்காலி வந்தது. அதுவரைக்கும் பின்கட்டில் மூங்கில் சீவிக்கொண்டிருந்தவளை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தாள் நாத்தனார். வருகிற ஜனங்களிடம், "என் தம்பி பொண்டாட்டிதான். கேன்சர். மெட்ராஸ்ல கைவிட்டுட்டாங்க. இதோ இந்தக் கடைக் காவடிதான் எடுத்தா. பாருங்க எப்படி உக்காந்துக்கினு கீறா" என்பாள். மெட்ராஸில் யாரும் கைவிடவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்து, ஊசி ஊசியாக மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த ஒரு வரி மட்டும் கதையிலிருந்து காணாமல் போயிற்று. பெண் பார்க்கிற பேச்சும் கூடவே காணாமல் போயிற்று. வா என்றும் போ என்றும் விரட்டியவள், "காஞ்சனாம்மா, காபி குடிச்சியா?" என்று கேட்டாள்.

செக்கப்புக்குப் போகவேண்டும் என்று நான் போனபோதெல்லாம் சொன்னேன். தாயாரம்மாள் குறுக்கே வருவாள்: "சாமிகிட்ட ஒப்படைச்சதை டாக்டர்கிட்ட போய்க் கேட்டுக்கினு நிக்கறதா? நாளைக்கு யாராவது பார்த்தா இன்னா சொல்லுவாங்க?" அக்கா போகவில்லை. அடுத்த வருஷமும் காவடி எடுத்தாள். அதே தோள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கழித்து அந்தக் கட்டி வந்தது. இடது பக்கம், கழுத்து எலும்புக்கு மேலே குழி இருக்குமே, அந்தக் குழியில். காவடிக் கம்பு அழுத்துகிற இடத்துக்கு ஒட்டினாற்போல். என் காதுக்கு வருவதற்குள் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். காவடித் தழும்பு. முருகன் தோளில் வைத்த கை. நான் போய்ப் பார்த்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், புடவைத் தலைப்பை இடப்பக்கம் கொஞ்சம் விலக்கியிருக்கிறாள், ஆந்திராப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வரிசையாக அந்த இடத்தில் விபூதி வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது.

அவர்கள் போகும்வரை நின்றேன். பிறகு நானும் தொட்டேன். தழும்பு என்றால் தோலில் இருக்கும். இது உள்ளே இருந்தது. கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டி. தள்ளினால் நகரவில்லை. பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

"டாக்டரம்மா கழுத்துலயும் வரலாம்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

அக்கா தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து தாயாரம்மாள் பூக்கூடையை டப்பென்று வைத்தாள். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? வயித்துல இருந்த நோவு கழுத்துக்கு எப்படிடி போவும்? பஸ் ஏறிப் போவுமா?"

"டாக்டர் சொன்னது அண்ணி. பாவாவும் கேட்டாரு."

"இன்னாடா கேட்ட?" என்று தம்பியைப் பார்த்தாள். பாவா மயிலிறகை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க, எனக்கு ஒண்ணும் சரியா நெனப்பில்ல" என்றார்.

அன்றைக்கு நான் அந்த மனிதரை ஒரு கேள்வி கேட்டேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விடுகிறேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாயாரம்மாள் என்னை வெளியே போ என்றாள். போகும்போது அக்கா பின்னாலேயே வருவாள் என்று நினைத்தேன். தெருக்கோடி வரைக்கும் நின்று நின்று நடந்தேன். வரவில்லை.

அதற்கப்புறம் போனபோது அக்காவைப் பின்கட்டில் தனியாகப் பிடித்தேன். கெஞ்சினேன். ஒரே ஒரு ஊசி குத்திப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்றால் திரும்பி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துகொள் என்றேன். அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

"உனக்கு அந்த நாற்காலிதான் கண்ணை உறுத்துது. இல்ல?"

"எனக்கு எதுக்குக்கா உன் நாற்காலி?"

"உனக்கு ரெண்டு புள்ள இருக்கு. கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ் இருக்கு. தெருவுல போனா உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி மரியாதை குடுக்கறாங்க. எனக்கு இன்னா இருந்துச்சு? எல்லாம் எடுத்த பொம்பளை. இந்த வீட்டுல ஒரு தட்டை எடுத்து என் முன்னால வெக்க ஆள் இல்ல. இன்னிக்கு நாலு பேர் என் காலைத் தொடறாங்க. அதை எடுத்துட்டு மறுபடியும் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கச் சொல்ற."

"உசுர் இருந்தாத்தானே..."

"வந்துடுச்சின்னு நீயே முடிவு பண்ணிட்ட. வரணும்னு இருக்குது உனக்கு. அப்பதானே உன் வீட்டுல படுத்துக்கினு நீ போடற கஞ்சியைக் குடிப்பேன். பொறாமை பிடிச்சவ நீ, சின்ன வயசுலேர்ந்தே."

நானும் சும்மா இருக்கவில்லை. "சாவு, எனக்கு என்ன" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் வரும்போது அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு கோபம்.

தொண்ணூற்றொன்பது ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். என் வீட்டுக்காரர், "அவ மாட்டேன்னா விடேன்" என்றார். விடவில்லை. மறுபடியும் போனேன். அக்கா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்தேன், தாயாரம்மாள் கண்ணில் படுகிற மாதிரி. முறைத்தாள். நானும் முறைத்தேன்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்தவர்கள். முனியன் என்று ஒரு ஆள், அவன் பெண்சாதி எல்லம்மாள். கூலி வேலைக்காரர்கள். அந்தப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. கடை வாசலில் உட்கார இடம் கொடுத்ததும் பின்னால் கையூன்றிச் சாய்ந்து, காலை அகட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டாள்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவங்கதானா?" என்று எல்லம்மாள் கேட்டாள்.

"ஆங், இவதான்" என்றாள் தாயாரம்மாள். "கிட்ட வாம்மா. தொட்டுக் கும்பிட்டுக்கோ. எத்தினி மாசமா இப்படி?"

முனியன் சொன்னான்: "அரக்கோணத்துல காட்னோங்க. மெட்ராஸுக்கு எழுதிக் குடுத்தாங்க. ஆபரேசன்னாங்க. இவ பயந்துட்டா. அப்புறம்தான் எங்க ஊர்ல சொன்னாங்க, இங்க ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி வயிறு, காவடியிலயே கரைஞ்சிபோச்சின்னு. அதான் காவடி சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். மெட்ராஸ் வேணான்னுட்டோம்."

"நல்ல வேலை பண்ணீங்க" என்று தாயாரம்மாள் மஞ்சள் துணியை எடுத்தாள். "நம்ம வீட்டு வழக்கப்படி தோள் மாத்தாம எடுக்கணும். முடியுமா?"

"முடியுங்க" என்றாள் எல்லம்மாள், வாயால் மூச்சு விட்டுக்கொண்டே.

அவள் கையை நீட்டி அக்காவின் கழுத்தைத் தொட வந்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தொட விடவில்லை.

"சோறு எவ்ளோ தின்ற?"

"ரெண்டு வாய் தின்னா நெஞ்சை அடைக்குதும்மா."

"படுத்தா?"

"படுக்கவே முடியலை. செவுத்துல சாஞ்சிக்கினே தூங்கறேன்."

"மாசாமாசம்?"

எல்லம்மாள் புருஷனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அது வருதும்மா. அதனாலதான் எங்க மாமியாரு புள்ளையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு திட்டறாங்க."

அக்கா அவள் கையை மெதுவாக விட்டாள். பிறகு முனியனிடம் சொன்னாள்: "நீங்க மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போங்க. நாளைக்கே."

தாயாரம்மாள் சிரித்தாள். "அவ அப்படித்தான், தமாசுக்கு..."

"தமாசு இல்ல. எனக்குக் காவடியில கரையல. வயித்தைத் திறந்து எடுத்தாங்க. இதோ இங்கேர்ந்து இங்க வரைக்கும் தையல். அப்புறம் மருந்து ஏத்தினாங்க, முடி கொட்டிச்சு. காவடி எல்லாம் முடிஞ்ச பிறகு எடுத்தது."

தெருவில் ஏதோ ஒரு கோஷ்டி அரோகரா போட்டுக்கொண்டு போயிற்று. தாயாரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போ" என்றாள் அக்காவிடம். அக்கா எழுந்திருக்கவில்லை.

சங்கடம் என்னவென்றால் எல்லம்மாள் நம்பவில்லை. "ஏம்மா என்னை விரட்டற? நான் இன்னா பாவம் பண்ணேன்? உனக்குச் சாமி குடுத்தது எனக்குக் குடுக்கக் கூடாதா?" என்று அழ ஆரம்பித்தாள். "ஆபரேசன்லதான் சரியாச்சின்னா அப்புறம் இது இன்னா? இதுவும் ஆபரேசனா?" என்று அக்காவின் கழுத்தைக் காட்டினாள்.

அக்கா தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். நான் எழுந்து போய்ச் சொல்லியிருப்பேன், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிர்க்கடைக்காரி என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அது இன்னான்னு எனக்கும் தெரியாது" என்றாள் அக்கா. "தெரிஞ்சிக்கணும்னு பயந்துக்கினு இருந்தேன், உன்னை மாதிரியே. நீ வரியா? ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு வருவோம். ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னா நான் உன்கூட மலையேறறேன்."

"காஞ்சனா!" என்று தாயாரம்மாள் கத்தினாள். அப்படியொரு சத்தம். "ஆடிக்கு முன்னால கடையை இழுத்து மூட வழி பண்றியா? சோறு போட்ட வீட்டுக்கு இதுதான் மரியாதையா? ஒண்ணுத்துக்கும் ஆகாத உன்னை நாலு பேர் கும்பிட வெச்சது யாரு?"

"நீங்கதான் அண்ணி" என்றாள் அக்கா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

அக்காவே கூட வருகிறாள் என்றதும் எல்லம்மாள் சம்மதித்தாள். மறுநாள் காலை வண்டியில் நாங்கள் நான்கு பேர் போனோம். பாவா வரவில்லை, கடை என்றார். அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லம்மாளுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிவிடலாமா என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். திட்டினார். இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்றார். அக்கா காவடி, கடை, நாற்காலி ஒன்றையும் சொல்லவில்லை. "வேலையா இருந்துட்டேன் டாக்டர்" என்றாள். கழுத்துக் குழியில் விரலை வைத்து அழுத்தியதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார், ரத்தம் எடுத்தார்கள். கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

ஊசி குத்துகிற அறைக்குள் கூட ஒரு ஆள் வரலாம் என்றாள் நர்ஸ். நான் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள் அக்கா. "எல்லம்மா வரட்டும்."

நடக்கவே முடியாத அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வராந்தாவில் முனியனோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதன் என்னிடம் பீடி குடிக்க எங்கே போகலாம் என்று கேட்டான். எரிந்து விழுந்தேன், பாவம்.

எல்லம்மாளை அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றுத் தண்ணீரை முதலில் இறக்கினார்கள். சாயங்காலம் அவள் மல்லாந்து படுத்தாள். மாதக்கணக்காகப் படுக்காதவள் படுத்திருப்பதைப் பார்த்து முனியன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். ஆபரேசனுக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்தான்.

அக்காவின் பரிசோதனை முடிவு பரணியன்று வந்தது, கிருத்திகைக்கு முதல் நாள். நானும் அவளும் போயிருந்தோம். டாக்டரம்மா நேராகவே சொன்னார். அதே நோய். சினைப்பையில் இருந்த அதே ஜாதி அணுக்கள் கழுத்தில் இருக்கின்றன. வயிற்றில் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை. கழுத்தில் மட்டும். "இப்படி வர்றது அபூர்வம்தான். ஆனா வராததில்ல. மறுபடி மருந்து குடுக்கலாம். கேக்கும்னுதான் நினைக்கறேன். இன்னும் முன்னாலயே வந்திருக்கணும்."

அக்கா ஒன்று மட்டும் கேட்டாள். "தோள்ல கம்பு அழுத்தினதால வந்திருக்குமா?"

"எந்தக் கம்பு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தோம். வண்டி முழுவதும் மஞ்சள் துணிக்காரர்கள், காவடி, மேளம். அரக்கோணம் வந்ததும் நான் எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"இறங்குக்கா. மருந்து தொடங்கற வரைக்கும் நம்ம வீட்லயே இரு."

"நான் கடைக்குப் போவணும். நானே போய்ச் சொல்லணும்."

"நான் சொல்றேன் அந்தப் பொம்பளைகிட்ட, எப்படிச் சொல்லணுமோ அப்படி."

"நீ சொன்னா சண்டைதான் மிஞ்சும். வரதுன்னா வா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் அப்படிப் போனதில்லை.

கடை வாசலில் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பொம்பளைகள், அந்த அம்மா வருவார்களா என்று விசாரித்துக்கொண்டு. அக்காவைக் கண்டதும் தாயாரம்மாள் முகம் பூத்தது. நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி, "வந்துட்டா பாருங்க! வாம்மா, உக்காரு" என்றாள்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், சத்தம் போடாமல், மளிகைச் சாமான் சொல்லுகிற மாதிரி. "இது சாமி வெச்ச தழும்பு இல்ல. எனக்கு வயித்துல இருந்த கேன்சர் கழுத்துல வந்திருக்குது. ஊசி குத்திப் பார்த்துச் சொல்லிட்டாங்க. காவடி எடுக்கறவங்க எடுங்க, நானும் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதை மட்டும் நிறுத்தாதீங்க."

"வயித்துல?" என்று தாயாரம்மாள் கேட்டாள்.

"வயித்துல ஒண்ணும் இல்லன்னாங்க."

"கேட்டுக்குங்க!" என்று அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வயித்துல இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அப்ப முருகன் வேலை பாத்தானா, இல்லையா? கழுத்துல இருக்கறது இவ தங்கச்சி டாக்டருக்குச் சொல்லிக்குடுத்து எழுதி வாங்கினது. அதோ நிக்கறா பாருங்க, கொள்ளிக்கண்ணி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் உப்புக் கரித்தது.

அக்கா பாவாவின் பக்கம் திரும்பினாள். "மருந்துக்குக் கூட வரியா?"

பாவா ஒரு காவடிக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "வரேன், வராம என்ன" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் ஆடி முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அக்கா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. உள்ளே போனாள். இரண்டு புடவையையும் சீப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கடைப்படி இறங்கும்போது தாயாரம்மாள் யாரிடமோ, "ஊசி போட்டுப் போட்டுப் புத்தி மாறிப்போச்சு, பாவம். நீங்க வாங்க, எந்தத் தோள்ல எடுக்கறதா வேண்டுதல்?" என்று கேட்டது எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒரே ஒரு பொம்பளை மட்டும், பொதட்டூர்க்காரி போல இருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு கடையை விட்டு எங்கள் பின்னால் கொஞ்ச தூரம் வந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். அக்கா நின்று நிதானமாக வழி சொன்னாள், எந்த கேட், எந்த நேரம் என்பது வரைக்கும்.

ஊரே மலையைப் பார்த்துப் போகிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஸ்டேஷனைப் பார்த்துப் போகிறோம். காவடிகள் இடித்துத் தள்ளின. நான் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும், இனிமேல் வாயைத் திறக்கலாம் என்று நினைத்து, "அக்கா..." என்றேன்.

"பேசாத" என்றாள். "உன்கூடப் பேச எனக்கு இன்னும் மனசு வரலை. நீ சொன்னதே சரியாப் போச்சு, அதை என்னால தாங்க முடியலை. சோறு மட்டும் போடு."

"சரி. என்ன வெக்கட்டும்?"

"பேசாதன்னேன் இல்ல?"

டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அரக்கோணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி, என்னுடையதை என் கையில் கொடுக்காமல், தன் முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.